விண்மீனின் முகவரியை வாசிப்பது: எலைட் டேஞ்சரஸில் ஆயத்தொலைவுகளோடு

விண்கப்பலில் பால்வீதியைச் சுற்றிவரும் கணினி விளையாட்டான எலைட் டேஞ்சரஸின் வரைபடத்தில் இருக்கும் தேடல் பெட்டி பெயரை மட்டுமே ஏற்கும். மூன்று எண்களை உள்ளிட்டு அந்த இடத்துக்கு வழி கேட்க முடியாது. ஆனால் தொலைதூரம் போகும் பயணிகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வது பெரும்பாலும் அந்த மூன்று எண்களைத்தான். அழகான ஒரு நெபுலா, யாரும் போகாத கருந்துளை, இரட்டைச் சூரியன்களைச் சுற்றும் நீல நிறக் கோள் என்று எதைக் கண்டாலும் எக்ஸ், ஒய், இசட் மூன்றையும் குறித்து அனுப்புவார்கள். பெயரும் எண்ணும் ஒன்றுக்குள் ஒன்று எப்படி ஒளிந்திருக்கின்றன என்று புரிந்துகொண்ட பிறகுதான் இந்த விளையாட்டின் பால்வீதி எனக்கு உண்மையிலேயே திறந்தது. புதிதாக வருபவர்கள் அதைச் சீக்கிரமே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

கேம்பிரிட்ஜ் நகரத்தின் ஃபிரான்டியர் டெவலப்மென்ட்ஸ் நிறுவனம் 2014 டிசம்பரில் வெளியிட்ட விளையாட்டு இது. நம் பால்வீதியை முழு அளவில், ஏறக்குறைய நாற்பதாயிரம் கோடி விண்மீன் தொகுதிகளோடு உருவாக்கியிருக்கிறார்கள். சூரியன்தான் ஆதிப்புள்ளி: 0, 0, 0. அலகு ஒளியாண்டு. சூரியனில் நின்றுகொண்டு பால்வீதியின் மையத்தை, அதாவது தனுசு ராசி இருக்கும் திசையை, நோக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் போகப்போக இசட் கூடும். முதுகுப்பக்கம் போனால் குறை எண்ணாகிவிடும். வலப்பக்கம் எக்ஸ் மிகை, இடப்பக்கம் குறை. பால்வீதித் தட்டுக்கு மேலே ஒய் மிகை, கீழே குறை. பள்ளிக்கூடக் கணக்கில் உயரத்தை இசட் அச்சில் குறித்துப் பழகியவர்கள் இங்கே ஒய்தான் உயரம் என்பதை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

இந்த அளவுக்குத் தெரிந்தாலே எண்களைப் பார்த்த மாத்திரத்தில் இடம் கண்முன் வந்துவிடும். கொலோனியா என்ற குடியேற்றம் -9530.5, -910.28125, 19808.125 என்ற இடத்தில் இருக்கிறது. மையத்தை நோக்கி நெடுந்தூரம் முன்னே, அதில் ஏறக்குறைய பாதி தூரம் இடப்பக்கம், தட்டுக்குச் சற்றுக் கீழே. கார்த்திகை விண்மீன்களில் ஒன்றான மாயா -81.78125, -149.4375, -343.375. இசட் குறை எண்ணாக இருப்பதால் அது மையத்துக்கு எதிர்ப்புறம் என்று உடனே தெரிகிறது. வானத்தில் கார்த்திகையைப் பார்க்கும் நேரத்தில் நம் முதுகு பால்வீதி மையத்தின் பக்கம் இருக்கிறது என்பதை நான் உணர்ந்தது இந்த எண்களைப் பார்த்துத்தான்.

இன்னும் வியப்பூட்டியது மையத்தின் ஆயத்தொலைவு. பால்வீதியின் நடுவில் இருக்கும் பெருங்கருந்துளை சஜிட்டேரியஸ் ஏ-ஸ்டார், விளையாட்டில் 25.21875, -20.90625, 25899.96875 என்ற இடத்தில் இருக்கிறது. மையத்தை நோக்கித்தானே இசட் அச்சு போகிறது, அப்படியானால் எக்ஸும் ஒய்யும் பூச்சியமாக இருக்க வேண்டாமா? காரணம் நிஜ வானியலில் இருக்கிறது. பால்வீதி ஆயங்களின் இன்றைய பூச்சியத் திசையைச் சர்வதேச வானியல் ஒன்றியம் 1958இல் வரையறுத்தது. மையக் கருந்துளையிலிருந்து வரும் ரேடியோ அலைகளின் பிறப்பிடம் கண்டுபிடிக்கப்பட்டதோ 1974இல்தான். பிறகு அளந்து பார்த்தபோது அது பூச்சியத்திலிருந்து மயிரிழை விலகி, நெட்டாங்கு 359.944 பாகை, அகலாங்கு -0.046 பாகை என்று அமைந்தது. 25,900 ஒளியாண்டு தொலைவில் அந்தச் சிறு கோணம் ஏறக்குறைய 25, 21 ஒளியாண்டு விலகலாகிவிடுகிறது. விளையாட்டை உருவாக்கியவர்கள் அந்த விலகலைத் திருத்தாமல் அப்படியே வைத்திருக்கிறார்கள். அவர்கள் மீது எனக்கு மதிப்புக் கூடிய இடம் இது.

ஆகவே நிஜமான விண்மீன் அட்டவணையைக் கொண்டே விளையாட்டில் இடம் தேடலாம். வானியல் அட்டவணைகளில் ஒரு விண்மீனின் பால்வீதி நெட்டாங்கு, அகலாங்கு, தொலைவு ஆகியவை கிடைக்கும். தொலைவை அகலாங்கின் கொசைனாலும் நெட்டாங்கின் சைனாலும் பெருக்கிக் குறியை மாற்றினால் எக்ஸ். தொலைவை அகலாங்கின் சைனால் பெருக்கினால் ஒய். தொலைவை இரண்டின் கொசைன்களாலும் பெருக்கினால் இசட். சிரியஸை எடுத்துப் பார்த்தேன்: நெட்டாங்கு 227.2, அகலாங்கு -8.9, தொலைவு 8.6 ஒளியாண்டு. கணக்கில் ஏறக்குறைய 6.2, -1.3, -5.8 வருகிறது. விளையாட்டில் இருப்பது 6.25, -1.28125, -5.75. திருவாதிரை, கேட்டை, ரோகிணி என்று பெயர் தெரிந்த விண்மீன்களை வைத்து ஒரு மாலை முழுவதும் இப்படிப் போட்டுப் பாருங்கள். தொலைவு மட்டும் அட்டவணைக்கு அட்டவணை வேறுபடும் என்பதால் தூரத்து விண்மீன்களில் எண்கள் கொஞ்சம் தள்ளி வரலாம், திசை மாறாது.

புள்ளிக்குப் பின்னால் வரும் எண்களையும் கவனியுங்கள். .28125, .96875, .4375 என எல்லாமே 0.03125இன் மடங்குகள். அதாவது ஒவ்வொரு விண்மீன் தொகுதியும் ஒளியாண்டில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு இடைவெளியுள்ள கட்டத்தின் மேல்தான் வைக்கப்பட்டிருக்கிறது. யாராவது அனுப்பும் எண் இந்த மடங்கில் அமையவில்லை என்றால் அது முழுமைப்படுத்தப்பட்ட எண், அல்லது எழுதும்போது இலக்கம் மாறியிருக்கிறது. கணக்கில் இறங்கும் முன் இந்தச் சோதனையைச் செய்வதை நான் ஒருபோதும் விடுவதில்லை.

தொடக்க ஆண்டுகளில் இந்தக் கட்டம்தான் பயணிகளுக்குக் கைகொடுத்தது. அப்போது ஆயத்தொலைவுகள் எளிதில் கைக்கு வராது. வரைபடத்தில் கிடைப்பது நாம் இருக்கும் இடத்திலிருந்து வேறொரு விண்மீனுக்கு உள்ள தொலைவு மட்டும், அதுவும் இரண்டு தசம இலக்கங்களில். ஆகவே இடம் தெரிந்த சில விண்மீன்களுக்கு உள்ள தொலைவுகளை ஒவ்வொன்றாகக் குறித்து, கோளங்கள் வெட்டிக்கொள்ளும் புள்ளியைக் கணக்கிட்டோம். ஒரு தொலைவு ஒரு கோளத்தைத் தரும். இரண்டு கோளங்கள் ஒரு வட்டத்தில் வெட்டும். மூன்றாவது சேர்ந்தால் இரண்டு புள்ளிகள் மிஞ்சும். நான்காவது எது சரி என்று சொல்லும், ஐந்தாவது சரிபார்க்க. விடை கட்டத்தின் ஒரே ஒரு புள்ளிக்கு அருகில் வந்து நின்றால் வேலை முடிந்தது. இரண்டு தசமத் தொலைவுகளிலிருந்து ஐந்து தசம இலக்கம் வரை துல்லியமான இடம் கிடைப்பது அந்தக் கட்டத்தால்தான்.

அந்த நாட்களில் கற்றது ஒன்று இன்றும் உதவுகிறது. அளவுக்கு எடுக்கும் விண்மீன்கள் வெவ்வேறு திசைகளில் பரவியிருக்க வேண்டும். எல்லாமே சூரியனுக்குப் பக்கத்தில் இருந்தால், நாம் பத்தாயிரம் ஒளியாண்டு தள்ளி நிற்கும்போது அந்தக் கோளங்கள் ஏறக்குறைய ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்துவிடும். வெட்டும் புள்ளி இழுபட்டுப் போகும். இடப்பக்கம் ஒன்று, மேலே ஒன்று, நமக்கு அப்பால் ஒன்று என்று எடுத்தால் விடை கூர்மையாக வரும்.

2016க்குப் பிறகு இந்தச் சிரமம் தேவையில்லாமல் போனது. விண்டோஸ் கணினியில் ‘சேவ்டு கேம்ஸ்’ கோப்புறைக்குள் விளையாட்டு ஒரு பயணக் குறிப்பேட்டை எழுதிக்கொண்டே வருகிறது. ஒரு விண்மீனிலிருந்து இன்னொன்றுக்குக் கப்பல் பாயும் ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு வரி. அதில் ‘ஸ்டார்பாஸ்’ என்ற சொல்லுக்குப் பின் மூன்று எண்கள். சாதாரண உரைக்கோப்புதான், நோட்பேடில் திறக்கும். ஈடிஎஸ்எம் போன்ற பயணிகளின் தரவுத்தளங்கள் கோடிக்கணக்கான இடங்களைத் திரட்டி வைத்திருப்பதும் இந்த வரிகளைக் கொண்டே.

இனி பெயருக்கு வருகிறேன். பால்வீதியின் மறுகோடியில் இருக்கும் பீகிள் பாயின்ட், தொலைதூரப் பயணிகளின் புகழ்பெற்ற இலக்கு. சூரியனிலிருந்து 65,279.35 ஒளியாண்டு. பயணிகள் பெயர் சூட்டுவதற்கு முன் அதற்கு விளையாட்டே இட்டிருந்த பெயர் ‘சீக்கியா இசட்க்யூ-எல் சி24-0’. முதல் பார்வைக்கு அர்த்தமில்லாத எழுத்துக்கூட்டம் போலத் தெரியும். உண்மையில் அது முழு முகவரி.

விளையாட்டு பால்வீதியை 1280 ஒளியாண்டு பக்கமுள்ள கனசதுரங்களாக வெட்டியிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். இங்கே அது சீக்கியா. அந்தக் கனசதுரத்தை மேலும் சிறு கனசதுரங்களாகப் பிரிக்கிறார்கள். எந்த அளவில் பிரிப்பது என்பதைச் சொல்வது கடைசிப் பகுதியின் சிறிய எழுத்து. ஏ என்றால் பக்கம் 10 ஒளியாண்டு, பி 20, சி 40, டி 80, இப்படி இரட்டித்துக்கொண்டே போய் எச் என்றால் 1280, அதாவது முழுக் கனசதுரம். மூன்று பெரிய எழுத்துகளும் அடுத்து வரும் எண்ணும் எந்தச் சிறு கனசதுரம் என்பதைச் சொல்கின்றன. கோடிட்ட பின் வரும் கடைசி எண் அதற்குள் எத்தனையாவது தொகுதி என்பது. பூச்சியத்திலிருந்து எண்ண வேண்டும்.

போட்டுப் பார்ப்போம். ஆங்கில எழுத்துகளைப் பூச்சியத்திலிருந்து எண்ணினால் இசட் 25, க்யூ 16, எல் 11. முதல் எழுத்து அப்படியே. இரண்டாவதை 26ஆல் பெருக்க 416. மூன்றாவதை 676ஆல் பெருக்க 7,436. ‘சி’ எழுத்துக்குப் பின் வந்த 24ஐ 17,576ஆல் பெருக்க 4,21,824. கூட்டினால் 4,29,701. இதை 16,384ஆல் வகுத்தால் ஈவு 26, மீதி 3,717. மீதியை 128ஆல் வகுத்தால் ஈவு 29, மீதி 5. இசட் திசையில் 26, ஒய் திசையில் 29, எக்ஸ் திசையில் 5 பெட்டிகள் தள்ளி. ‘சி’ என்பதால் ஒவ்வொரு பெட்டியும் 40 ஒளியாண்டு: சீக்கியாவின் மூலையிலிருந்து எக்ஸில் 200 முதல் 240, ஒய்யில் 1160 முதல் 1200, இசட்டில் 1040 முதல் 1080.

இப்போது மறுபக்கத்திலிருந்து வாருங்கள். பீகிள் பாயின்டின் ஆயத்தொலைவு -1111.5625, -134.21875, 65269.75. கனசதுரக் கட்டம் தொடங்கும் மூலை -49985, -40985, -24105. அதைக் கழித்து 1280ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். எக்ஸில் 233, ஒய்யில் 1170, இசட்டில் 1054. மூன்றும் அந்த எல்லைகளுக்குள் கச்சிதமாக விழுகின்றன. முதன்முறை இது என் காகிதத்தில் ஒத்துவந்தபோது எழுந்து நின்றுவிட்டேன்.

தேடல் பெட்டி எண்களை ஏற்காது என்றேன் அல்லவா, அந்தப் பூட்டுக்குச் சாவி இதுதான். யாராவது மூன்று எண்களை அனுப்பினால் மூலையைக் கழித்து, 1280ஆல் வகுத்து, மீதியை எடுத்துக்கொள்கிறேன். அதை 10, 20, 40 என்று பெட்டி அளவுகளால் வகுத்து, மேலே செய்த கணக்கைப் பின்னோக்கிச் செய்தால் எழுத்துகள் கிடைத்துவிடும். கனசதுரத்தின் பெயருக்கு வரைபடத்தில் அந்த வட்டாரத்துக்குப் போய் ஏதாவது ஒரு விண்மீனைத் தொட்டால் போதும். எல்லையோரமாக இருந்தால் மட்டும் அடுத்த கனசதுரத்தின் பெயர் கண்ணில் பட்டுவிடலாம். இரண்டு மூன்று விண்மீன்களைப் பாருங்கள். கடைசி எண் தெரியாது, ஆகவே 0, 1, 2 என்று வரிசையாக இட்டுப் பார்க்க வேண்டும். எந்தச் சிறிய எழுத்து என்பதற்கு விண்மீனின் நிறையே குறிப்பு. ‘ஏ’ எழுத்தில் மங்கிய செங்குறுமீன்களும் பழுப்புக் குறுமீன்களும் இருக்கும். ‘ஜி’, ‘எச்’ பக்கம் போனால் பெருநிறை விண்மீன்களும் கருந்துளைகளும். கருந்துளை வேட்டைக்குப் போகிறவர்கள் ‘எச்’ பெயர்களைத் தேடிப் பிடிப்பது அதனால்தான்.

இந்த முறை விளையாட்டே பெயரிட்ட கனசதுரங்களுக்குத்தான் பொருந்தும். சூரியனைச் சுற்றியுள்ள வட்டாரத்தில் ‘செக்டர்’ என்று முடியும் பெயர்கள் கையால் வரையப்பட்ட கோளங்களைச் சேர்ந்தவை. அவற்றுக்குத் தொடக்க மூலை வேறு. நிஜ அட்டவணைகளிலிருந்து எடுத்த விண்மீன்களும் அங்கே நெருக்கமாக இருக்கின்றன. ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோள் அளந்தவற்றுக்கு அந்த அட்டவணை எண்ணே பெயர். அந்த வட்டாரத்தில் தரவுத்தளத்தின் உதவியை நாடுவதே நல்லது.

அப்படிப்பட்ட ஒரு பெயர்தான் ‘கோர் சிஸ் செக்டர் எக்ஸ்யூ-பி ஏ5-0’. 2017 பிப்ரவரியில் டிராப்பிஸ்ட்-1 விண்மீனைச் சுற்றி ஏழு கோள்கள் இருப்பதாக நாசா அறிவித்தது. விளையாட்டின் பால்வீதியில் ஏறக்குறைய அதே திசையில், 39 ஒளியாண்டு தொலைவில், ஏழு கோள்களோடு ஒரு பழுப்புக் குறுமீன் தொகுதி ஏற்கெனவே இருந்தது. கணித விதிகள் தாமாக உருவாக்கியது அது. அதையே திருத்தி டிராப்பிஸ்ட்-1 என்று பெயர் மாற்றினார்கள். அங்கே போய் நிற்கும் யாரும் இதை நினைத்துக்கொள்ளாமல் திரும்பக்கூடாது.

வழி போடும் விஷயத்தில் சில. வரைபடம் ஒரே மூச்சில் 20,000 ஒளியாண்டு வரைதான் வழி காட்டும். கொலோனியா 22,000.47 ஒளியாண்டு, ஆகவே நடுவில் ஒரு நிறுத்தம் வேண்டும். இலக்கின் மூன்று எண்களையும் பாதியாக்கினால் நேர்க்கோட்டின் நடுப்புள்ளி வந்துவிடும்: ஏறக்குறைய -4765, -455, 9904. அதே புள்ளியில் நிற்க வேண்டிய அவசியமில்லை என்பதுதான் நான் எல்லோருக்கும் அழுத்திச் சொல்வது. நடுவழியில் கோட்டைவிட்டு 500 ஒளியாண்டு விலகினால் மொத்தப் பயணத்தில் கூடுவது 23 ஒளியாண்டு மட்டுமே. ஒரு தாவல்கூட முழுதாக ஆகாது. 2000 ஒளியாண்டு விலகினாலும் கூடுவது ஏறக்குறைய 360 ஒளியாண்டு. நெபுலாவோ நியூட்ரான் விண்மீன்களோ அந்தத் தூரத்துக்குள் இருந்தால் தயங்காமல் விலகுங்கள். நியூட்ரான் விண்மீனின் தாரைக்குள் நுழைந்து எழுந்தால் அடுத்த தாவல் நான்கு மடங்கு நீளும்; விலகிய தூரம் அதிலேயே ஈடாகிவிடும். நேர்க்கோட்டைப் பிடித்துக்கொண்டு எதையும் பாராமல் கொலோனியா வரை போய்ச் சேர்ந்தவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

தட்டுக்கு மேலேயோ கீழேயோ ஒய் பெரிதாகிவிட்டால் விண்மீன்கள் அருகிப்போகும். பால்வீதியின் விளிம்பிலும் சுருள்கரங்களுக்கு இடையிலும் அப்படித்தான். பீகிள் பாயின்ட் பக்கம் போகும்போது இசட் அறுபதாயிரத்தைத் தாண்டும் முன்பே தாவல்களுக்கு இடையே விண்மீன்கள் தேய்ந்துவருவது தெரியும். அந்தக் கட்டத்தில் கே, ஜி, பி, எஃப், ஓ, ஏ, எம் வகை விண்மீன் ஒன்றைக் கடக்கும்போதெல்லாம் தொட்டியை நிரப்பிக்கொண்டு அதன் பெயரை எழுதி வைக்கிறேன். இந்த ஏழு வகைகளிலிருந்துதான் எரிபொருள் அள்ள முடியும். வழி முட்டினால் திரும்ப வேண்டிய இடம் கையில் இருக்கும். குறுகிய தாவல்களாக, எரிபொருளைச் சிக்கனம் பண்ணும் வழித்தேர்வு வரைபடத்திலேயே உண்டு. ஆனால் இடைவெளி பெரிதாக இருக்கும் இடத்தில் அதனால் பயனில்லை, தாவலை நீட்டிக்கும் கனிமக் கலவைகளைக் கைவசம் வைத்திருக்க வேண்டும்.

கோளின் தரையில் ஓர் இடத்தைத் தேடுவது தனிக் கலை, அங்கே அகலாங்கும் நெட்டாங்கும் பாகையில் வரும். ஒன்று மட்டும்: முதலில் அகலாங்கைப் பிடித்துக்கொண்டு, பிறகு கிழக்கு மேற்காகப் பறந்து நெட்டாங்கை அடையுங்கள். துருவத்துக்கு அருகில் நெட்டாங்கு கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். அங்கே வேகத்தைக் குறையுங்கள்.

குறிப்பேட்டின் ஒவ்வொரு தாவல் வரியிலும் ஸ்டார்பாஸோடு ‘சிஸ்டம்அட்ரஸ்’ என்று ஒரு நீண்ட எண் இருக்கும். பீகிள் பாயின்டுக்கு 81973396946. அதை இரும எண்ணாக்கினால் கடைசி மூன்று பிட்டுகள் சிறிய எழுத்தைத் தரும். அவற்றுக்கு முன்னால் வருபவை இசட், ஒய், எக்ஸ் என்ற வரிசையில் பெட்டியும் கனசதுரமும். நாம் கண்ட அதே 26, 29, 5 அதிலிருந்து வெளிவரும். சிறு நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்குப் பெயரைப் பிரிப்பதைவிட இந்த வழி சுலபம். எழுத்துப் பிழைக்கு இடமே இல்லை.

கணினி மாற்றும்போது பலரும் விளையாட்டை மட்டும் மறுபடி நிறுவிக்கொண்டு குறிப்பேட்டுக் கோப்புறையை மறந்துவிடுகிறார்கள். நீங்கள் போன ஒவ்வோர் இடத்தின் எண்களும் அதில் வரிவரியாக இருக்கின்றன. வெறும் உரைக்கோப்புகள், சுருக்கி வைத்தால் அதிக இடம் பிடிக்காது. பழைய கணினியை அணைக்கும் முன் அதைப் பிரதி எடுத்து வைத்துவிடுங்கள்.